என் மாமியாரின் அமெரிக்க ஃபைல்

1

எங்கள் வீட்டில் மகள் கவிதாவின் பிறந்தநாளுக்கு இரண்டு சடங்குகள் உண்டு. ஒன்று கேக். இன்னொன்று எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் நடக்கும் சண்டை. கேக் வருஷா வருஷம் மாறும். சண்டையில் ஒரு வார்த்தைகூட மாறாது.

"அன்னிக்கு ஏர்போர்ட்டுல அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலடி."

"ஒண்ணும் சொல்லாமயா அம்மாம் நேரம் இங்கிலீசுல பேசுனீங்க?"

நீங்கள் ஊரிலிருந்து படிக்கிறீர்கள் என்பதால் வழக்கை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசி. வசந்தா நிறைமாதம். பிரசவம் பார்க்க அவள் அம்மா மீன்சுருட்டியிலிருந்து கிளம்பி, பஸ், ரயில், இரண்டு விமானம் என்று மாறி மாறி இங்கே வந்து இறங்கினார். ஏர்போர்ட்டில் குடியேற்ற அதிகாரிகள் அவரை ஓர் அறைக்குள் கூட்டிப் போனார்கள். என்னையும் கூப்பிட்டு வேறோர் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் வந்த விமானத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பெற்றவளின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அதே வாரம் கவிதா பிறந்தாள்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதிகாரிகளிடம் இங்கிலீஷ் பேசியவன் நான் ஒருவன்தான். ஆகவே குற்றவாளியும் நான்தான். வசந்தாவின் கோர்ட்டில் விசாரணை அன்றைக்கே முடிந்துவிட்டது. தண்டனையைத்தான் தவணை முறையில் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குப் போன அத்தையாவது உண்மையைச் சொன்னாரா? கேட்டவர்களிடமெல்லாம், "அந்த ஊரு குளிரு நமக்கு ஒத்துக்கலம்மா, வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த அமெரிக்கா ஒரு அறை, நாலு நாற்காலி, ஒரு ஹீட்டர். அதில் எங்கே குளிர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே பதில்தான். வசந்தா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

"அம்மா எதையோ மறைக்குது. உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பாக்குது."

இதைக் கேட்டுவிட்டு என்னால் எப்படிக் கேக் சாப்பிட முடியும்? சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

2

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு போலந்துக்காரர். போன வருஷப் பிறந்தநாள் சண்டைக்கு மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். மனிதர் சிரித்தார்.

"இதற்கா சண்டை? ஃபைலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டியதுதானே?"

இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம். அரசாங்கம் எழுதி வைத்திருப்பதைக் காட்டு என்று யார் வேண்டுமானாலும் ஒரு கடுதாசி போடலாமாம். எல்லையில் யாரை நிறுத்தினான், என்ன கேட்டான், ஏன் திருப்பி அனுப்பினான், எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்குமாம். அதை நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பானாம். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவே கூடாதாம்!

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் பழகியவன். ரஞ்சன்குடியில் எங்களுக்கு இருக்கிற கொஞ்சம் மானாவாரி நிலத்துக்கு அடங்கல் நகல் வேண்டுமென்று கல்லூரிக் காலத்தில் ஒருமுறை போனேன்.

"யாரு நிலம்?" என்றார் கிளார்க்.

"எங்க நிலந்தான் சார்."

"எதுக்கு நகலு?"

"என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம்னுதான் சார்."

"பாத்து என்ன பண்ணப் போற?"

நான் யோசிப்பதற்குள் அவரே பேச்சை முடித்துவிட்டார். ரெக்கார்டு ரூம் சாவி திருச்சிக்குப் போயிருக்கிறது என்றார். சாவி எதற்குத் திருச்சிக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கேட்டு என்ன பண்ணப் போற என்றிருப்பார்.

ஆனால் அதே ரஞ்சன்குடியில்தான் அவ்வளவு பெரிய கோட்டை இருக்கிறது. நவாபுகளும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்ட கோட்டை. நாங்கள் ஆடு ஓட்டிக்கொண்டு உள்ளே போவோம், வருவோம். எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய், கையில் எவ்வளவு காசு என்று ஒருவரும் கேட்டதில்லை. கோட்டை வாசலுக்குக் காவல் இல்லாத ஊரில் வளர்ந்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குத் துப்பாக்கியோடு காவல் நிற்கிற ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான்.

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று கடுதாசி போட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் நிரபராதி என்று ஒரு அரசாங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

3

பதில் வந்தது. ஃபைல் என்னுடையது அல்லவாம், மாமியாருடையதாம். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, அதை ஒரு நோட்டரி பார்த்து முத்திரை குத்தி அனுப்பினால்தான் தருவார்களாம். நியாயந்தான். ஆனால் அந்த நியாயத்தை மீன்சுருட்டியில் போய் யார் விளக்குவது?

வசந்தாவின் தம்பி ராசேந்திரனுக்கு எழுதினோம். அவன் அம்மாவை பஸ் ஏற்றி அரியலூருக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அங்கே நடந்ததை அவனே எழுதியிருந்தான். நோட்டரி வக்கீல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, மருமவன் எதையாச்சும் எழுதி வாங்குறானா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டாராம். அத்தை, "எம் மவ கேட்டுச்சு. எங்க போடணும், காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டாராம்.

அதோடு விட்டதா? வக்கீல் ஆபீஸில் அப்போது ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா மாப்பிள்ளை மாமியார் சொத்தை எழுதி வாங்கிவிட்டான். என் அப்பாவே ரஞ்சன்குடியிலிருந்து, 'உன் மாமியாரின் முந்திரிக்காட்டை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று எழுதிக் கேட்டார். மாமியாரைத் திருப்பி அனுப்பிய பழியைத் துடைக்கப் போய், சொத்தைப் பிடுங்கிய பழியும் சேர்ந்துகொண்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வசந்தா வைத்த ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

பிறகு காத்திருப்பு. உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம். தேடுகிறோம் என்று ஒரு கடிதம். அப்படி யாரும் இந்த நாட்டுக்குள் வரவில்லை என்று ஒரு கடிதம். இதைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. வந்தவரை வராதவராக்கி அனுப்பினவனே நீதானே, அந்தக் காகிதத்தைத்தானய்யா கேட்கிறேன் என்று திருப்பி எழுதினேன். கொஞ்சம் மரியாதையாகத்தான் எழுதினேன். தாலுகா ஆபீஸ் எங்கே இருந்தாலும் தாலுகா ஆபீஸ்தான் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

4

இந்த வருஷப் பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சனிக்கிழமையே வந்து கிடந்த தடித்த உறையைச் சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தேன். வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை.

பிரித்தால் ஒரே கறுப்பு. பாதிப் பக்கங்களில் கறுப்பு மையால் பட்டை பட்டையாக அடித்திருந்தார்கள். அதிகாரியின் பெயர் கறுப்பு. தமிழை மொழிபெயர்த்துச் சொன்னவர் பெயர் கறுப்பு. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு; அதன் அடியில் 'தொடர்ச்சி அடுத்த பக்கம்' என்று மட்டும் விட்டிருந்தார்கள். காட்டச் சொன்னால் காட்டுவான், ஆனால் இப்படித்தான் காட்டுவான் போலிருக்கிறது.

நல்லவேளையாகக் கேள்வியும் பதிலும் தப்பித்திருந்தன. எல்லாம் இங்கிலீஷில், டைப் அடித்து. கவிதா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எது கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். அதற்கும் நான்தான் காரணம் என்பது தனி வழக்கு. உங்களுக்காக அவள் பேச்சைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

"இது யாரு அப்பா?"

"ஒங்க அம்மாயி. ஏர்போர்ட்ல பேசுனது."

"நான் ஆபீசரா இருக்கேன்!" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் நாடகம் ஆரம்பித்தது. கவிதா விறைப்பாக நின்று அதிகாரியின் கேள்விகளை இங்கிலீஷில் படிப்பாள். நான் அத்தையின் பதில்களைத் தமிழாக்கிச் சொல்வேன். வசந்தா ஒரே ரசிகை. இரண்டாவது பதிலிலேயே அவள் என்னை நிறுத்திவிட்டாள்.

"எங்கம்மா அப்புடிப் பேசாது. நீங்க அர்த்தத்த மட்டும் சொல்லுங்க, நான் சொல்றேன்."

அதிலிருந்து என் மாமியாராக வசந்தாவே பேசினாள். குரல்கூட மாறிவிட்டது. மேஜைமேல் இருந்த இங்கிலீஷ் எழுந்து மீன்சுருட்டிப் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

எதற்கு வந்தீர்கள்? "மவளுக்குப் புள்ளப்பேறு பாக்க வந்தேன். வேற எதுக்கு வருவாங்க?"

கையில் பணம் எவ்வளவு? "மருமவன் வூட்டுக்கு வரவ காசு முடிஞ்சுகிட்டா வருவா?"

எப்போது திரும்பிப் போவீர்கள்? இதற்கு, 'அது கேட்கக்கூடிய கேள்வி அல்ல என்று சொல்கிறார்' என்று எழுதியிருந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்து செருப்பைக் கழற்றுமுன் என்றைக்குப் போகிறீர்கள் என்று நம் பக்கம் யாரும் கேட்பார்களா? அதிலும் பிரசவத்துக்கு வந்தவளிடம்? பிள்ளை நல்லபடியாகப் பிறந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் கிளம்புகிற நாளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். திறந்தால் பிள்ளைக்கு ஆகாது. அத்தையின் பெட்டியில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. ஒரு தேதி சொல்லியிருந்தால் முத்திரை குத்தி உள்ளே விட்டிருப்பான். அவர் சொல்லவில்லை.

அந்த மனிதனும் விடவில்லை. தேதியைச் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டிருக்கிறான். அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டு கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். 'இவர் என் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறார்' என்று அதிகாரி எழுதியிருந்தார்.

வசந்தா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏண்டா தம்பி, நீ எந்தக் குடும்பத்துப் புள்ளடா? ஒன்னயப் பெத்தவ வாசலுக்கு வந்தவங்கள இப்புடித்தான் கேப்பாளா?"

மூன்றாவது தடவையும் கேட்டிருக்கிறான். "போவ மாட்டேன். இங்கதான் இருப்பேன். என்னா பண்ணுவ?"

அந்தப் பதிலுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை, அவரே ஒப்புக்கொண்டார். அனுமதி இல்லை.

அடுத்த பக்கம் நான். என் வாக்குமூலம். 'என் மாமியார் நேர்மையானவர். பிரசவம் முடிந்து திரும்பிவிடுவார். அதற்கு நான் பொறுப்பு. தயவுசெய்து அவரை விடுங்கள்.' தயவுசெய்து மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. அதைத்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன்.

"பாத்தியா!" என்று எழுந்து நின்றேன். "படிச்சுப் பாரு! அரசாங்க முத்திரையோட போட்டிருக்கு! இத நகல் எடுத்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஒட்டுறேன். ஜெயங்கொண்டத்துல ஒட்டுறேன். அந்த நோட்டரிக்கு ஒண்ணு தபால்ல அனுப்புறேன்!"

"சரி, சரி, ஒக்காருங்க," என்றாள் வசந்தா. முகம் சிவந்திருந்தது. "நான் என்னத்தக் கண்டேன்? நீங்க கெஞ்சுனது கண்ணாடி வழியா தெரியுமா?"

எனக்கு அது போதவில்லை. ஆனந்தத்தில் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் ரெண்டு நடை நடந்தேன்.

5

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு அப்பா," என்றாள் கவிதா. அவளுக்கு ஆபீசர் வேலையை விட மனசில்லை.

படித்தாள். அதிகாரி சொல்கிறார்: நீங்கள் விரும்பினால் இங்கேயே காத்திருந்து ஒரு நீதிபதியிடம் முறையிடலாம். அப்போது உங்கள் மருமகன் வந்து சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய காகிதங்களையும் பார்ப்போம்.

அப்போது என் கையில் இருந்தது தற்காலிக விசா. நிரந்தரமாகத் தங்குகிற அட்டைக்கு எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அதை எப்படி விளக்குவது? சர்க்கார் வேலையில் இருப்பதுபோல இன்னும் பெர்மனெண்ட் ஆகவில்லை என்று ஊருக்கு எழுதியிருந்தேன். அது நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். டெம்பரவரி வாத்தியார் வாயைத் திறக்க மாட்டார், டெம்பரவரி கண்டக்டர் லீவு கேட்க மாட்டார்.

பதிலை நான் மனசுக்குள் ஒரு முறை படித்தேன். பிறகு வசந்தாவிடம் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டாள். பேசியபோது நாடகக் குரல் போய்விட்டிருந்தது.

"எம் மருமவன் இன்னும் பெர்மனெண்டு ஆவலீங்க. கேசு கீசுன்னு வந்தா அவருக்கு அது நின்னு போயிடுமாங்க?"

அதிகாரி: அதை நான் இப்போது சொல்ல முடியாது. பாதிக்கவும் கூடும்.

"அப்ப வேணாங்க. அவரு சாது. எதுத்துப் பேசத் தெரியாதவரு. அவரக் கூப்புடாதீங்க. என்னய அனுப்பிடுங்க. எம் மவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அது நெறமாசமா நிக்கிது."

தம்பி என்று ஏகவசனத்தில் திட்டிக்கொண்டிருந்தவர், என் பேச்சு வந்ததும் அந்த ஆளை வாங்க போங்க என்று கெஞ்சியிருக்கிறார். அது இங்கிலீஷில் தெரியாது. வசந்தா சொன்னபோதுதான் கேட்டது. அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உங்களில் பலருக்கு இந்த வழக்கம் தெரியும். எங்கள் பக்கம் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம், "அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பார். அவங்க என்பது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்னோடு நேராகப் பேசிய வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொள்ள ஓர் அந்நிய அரசாங்கத்துக்குக் கடுதாசி மேல் கடுதாசி போட வேண்டியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. வசந்தா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆபீசர் கெட்டவனா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"தெரியலடா," என்றேன். "கேட்டதையெல்லாம் எழுதி வச்சிருக்கான்."

6

ஜெயங்கொண்டத்தில் ஓர் உரக்கடையில் டெலிபோன் இருக்கிறது. ராசேந்திரனுக்குத் தெரிந்த கடை. நாள் குறித்து, தந்தி கொடுத்து, அத்தையை அங்கே வரவைத்துப் பேசினோம். லைன் கிடைப்பதற்குள் வசந்தா மூன்று தடவை எனக்குக் காப்பி போட்டாள்.

"அம்மா, எல்லாம் தெரிஞ்சு போச்சும்மா. நீ ஏர்போர்ட்டுல பேசுனது அம்புட்டும்."

"யாரு சொன்னா?" அத்தை போனில் கத்தித்தான் பேசுவார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"கவர்மெண்டுதாம்மா. காயிதத்துல எழுதி அனுப்பியிருக்கு."

"எம்மாடி! அவன் குடும்பத்தக் கேட்டனே, அதயுமா எழுதி வச்சிருக்கான் அந்த நெட்டப்பய?"

வசந்தா சிரித்து, உடனே அழுது, "ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் இவரப் போட்டு எம்மாம் பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா?" என்றாள்.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார் அத்தை.

"இருக்காங்க."

"குடு."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். போனை வாங்கி, "அத்தை," என்றேன். அந்தப் பக்கம் உரக்கடைக்காரர் யாரிடமோ யூரியா மூட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார் அத்தை. கத்தவில்லை. "பெர்மனெண்டு ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சுங்க அத்தை. கவிதா தவழும்போதே ஆயிடுச்சு."

"அப்பவேங்களா?"

"அப்பவேதான் அத்தை."

"நான் வந்து நின்னா மறுபடியும் உங்களக் கூப்புட்டுக் கேப்பானுவளேன்னுதான் வராமயே கெடந்தேன்," என்றார். "எனக்கு யாரும் சொல்லலீங்களே, மாப்ள."